சிகாகோ நிறச் சைக்கிளை நானே கொடுத்தேன்

கிரீன் பே நகரக் காவல் நிலையம். ஜூலை கடைசி வெள்ளிக்கிழமை பிற்பகல். சைக்கிள் திருட்டுப் புகார் தொடர்பாகச் சாட்சி தானே முன்வந்து சொன்னதை, சொன்ன வரிசையிலேயே சார்ஜென்ட் டெல்வோ எழுதியது:

என் பெயர் ரோக்ஸான் வாண்டன்ஹூவல். மறைந்த கிளாரன்ஸ் என்பவரின் மூத்த மகள். வயது அறுபத்தொன்று. விலாசம், ஃபெர்ன்டேல் தெரு, மேற்குப் பக்கம், பச்சைக் கதவு வைத்த வீடு. பல் மருத்துவர் ஒருவரிடம் பல் சுத்தம் செய்யும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவள். அந்த வேலையில் இருந்தபோது அமெரிக்கக் கால்பந்து பற்றி நான் சொன்ன எந்தக் கருத்தையும் யாரும் மறுத்ததில்லை. மறுக்கும் நிலையில் அவர்களுடைய வாய் இருக்கவில்லை.

இந்த வழக்கில் பிடித்து வைக்கப்பட்டிருக்கும் டெரல் ஹக்கபி என்பவரை இன்று காலைக்கு முன் எனக்குத் தெரியாது. தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டதால்தான் அவர் இப்போது உங்கள் வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறார். அவர் மிஸிசிப்பியிலிருந்து வந்து வேலையில் சேர்ந்து இது முதல் வாரம் என்றும், புகார் திரும்பப் பெறப்படாவிட்டால் வேலை போய்விடும் என்றும் சார்ஜென்ட் சொன்னார். அதனால் இதைச் சொல்கிறேன். இல்லாவிட்டால் சொல்லியிருக்க மாட்டேன்.

புகார்தாரர் ரே ஸ்டகோவியாக் என் தங்கை பெட்சியின் கணவர். சிகாகோவில் பிறந்தவர். எங்கள் ஊருக்கு மாப்பிள்ளையாக வந்து பல வருடங்கள் ஆகியும் சிகாகோ அணியைத்தான் ஆதரிக்கிறார். இது தவிர அவர் மேல் எனக்கு வேறு குறை கிடையாது.

குளிர்காலத்தோடு ஆட்டங்கள் முடிந்துவிடும். மறுபடி செப்டம்பரில் தொடங்கும் வரை எங்கள் ஊரில் பேச்சு மட்டும்தான். கோடையில் அணியில் தொண்ணூறு பேர் இருப்பார்கள். ஆகஸ்ட் முடிவதற்குள் ஐம்பத்து மூன்று பேரை வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பிவிடுவார்கள். யாரை வைப்பது, யாரை அனுப்புவது என்று வெர்ஹெய்டன் உணவு விடுதியில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வறுத்த மீன் சாப்பிட்டுக்கொண்டே நாங்கள் முடிவு செய்வோம். அணி நிர்வாகம் எங்கள் முடிவைப் பெரும்பாலும் பின்பற்றுவதில்லை. அதன் பலனையும் அனுபவிக்கிறது.

எங்கள் பிரிவில் இருக்கும் மற்ற மூன்று அணிகள் பற்றிய என் கருத்து வழக்குக்குத் தேவையில்லை என்று சார்ஜென்ட் சொன்னார். தேவை என்று நான் சொன்னேன். அதன் பிறகு, சுருக்கமாகச் சொல்வதானால் எழுதுகிறேன் என்றார். சுருக்கமாகச் சொல்கிறேன். மினசோட்டாக்காரர்கள் ஒவ்வொரு கோடையிலும், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் புதிதாகக் கிடைத்துவிட்டான் என்று சந்தோஷப்படுவார்கள். நல்ல மனிதர்கள், கெடுக்க வேண்டாம். டெட்ராய்ட்காரர்களுக்கு ஜெயிப்பது இப்போதுதான் பழகுகிறது; புது செருப்பு போட்டவர்போல் நடக்கிறார்கள். சிகாகோவைப் பொறுத்தவரை, குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் சுவராக நிற்க வேண்டிய முன்வரிசை அவர்களிடம் வேலியாக நிற்கிறது. அதிலும் கதவு திறந்திருக்கிறது. இதைக் கேட்டு சார்ஜென்ட் சிரித்தார். சிரித்ததை எழுதவில்லை. நான் கேட்டுக்கொண்டதால் இப்போது எழுதியிருக்கிறார்.

போன வெள்ளிக்கிழமை விடுதியில் நான், நம் அணியின் தொண்ணூறு பேரையும் முகத்தைப் பார்த்தே பெயரும் எண்ணும் சொல்லிவிடுவேன் என்று சொன்னேன். சத்தமாகச் சொன்னேன். ரே, "மதினி, அந்தத் தொண்ணூறு பேரோட அம்மாங்களுக்கே அது முடியாது" என்றார். நான், "மாப்ளே, உங்க ஊரு ஆளுங்கள அவங்க அம்மாங்களே வெளிய சொல்லிக்கிறதில்ல" என்றேன். மேசையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். ரே மட்டும் தன் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த வாரம் பயிற்சி முகாம் தொடங்கியது. வீரர்கள் அரங்கத்திலிருந்து பயிற்சி மைதானத்துக்கு ஊர்க்காரர்களின் சைக்கிளில் போவது எங்கள் வழக்கம். சைக்கிள்களோடு நாங்கள் வாசலில் வரிசையாக நிற்போம். வீரர் வந்து பிடித்த சைக்கிளை எடுத்து ஓட்டுவார். அவர் கையில் இருக்கும் சாமானைச் சைக்கிளுக்குச் சொந்தக்காரர் வாங்கிக்கொண்டு பக்கத்திலேயே ஓடுவார். நிற்பவர்களில் பெரும்பாலோர் பள்ளிப் பிள்ளைகள். அறுபத்தொரு வயதுக்காரர் நிற்கக் கூடாது என்று விதி இல்லை. விசாரித்துவிட்டேன்.

என் சைக்கிளின் டியூப் வெடித்திருந்தது. அதனால் ரேயின் கொட்டகையில் இருந்த சைக்கிளை எடுத்துக்கொண்டேன். அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வார் என்று தெரியும். அந்தச் சைக்கிளுக்கு அவரே தன் கையால் சிகாகோ அணியின் கருநீலமும் ஆரஞ்சும் பூசியிருக்கிறார். அதன் மேல் நம் வீரர் ஒருவர் உட்கார்ந்து போனால் எனக்கு இரட்டைச் சந்தோஷம் என்பதையும் மறைக்கவில்லை. ஆனால் முதல் இரண்டு நாளும் ஒருவரும் அதைத் தொடவில்லை. ஒரு வீரர் கைப்பிடி வரை வந்து, நிறத்தைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்த சிறுமியின் இளஞ்சிவப்புச் சைக்கிளில் முழங்கால் காதில் இடிக்க ஓட்டிப் போனார்.

மூன்றாம் நாளான இன்று காலை, வீரர்கள் ஏறக்குறைய எல்லோரும் போன பிறகு, மிகப் பெரிய உடம்புள்ள ஒருவர் வேகமாக நடந்து வந்தார். கையில் அகலமான தோள் வார் இரண்டு வைத்திருந்தார். இந்த வருடப் புது வீரர் தேர்வின் ஆறாவது சுற்றில் நம் அணி எடுத்த முன்வரிசை ஆட்டக்காரர், எழுபத்து நான்காம் எண், கிரேடி ஷொம்பர்க் என்று அவரைப் பார்த்த உடனே முடிவு செய்தேன். வார் அவருடைய உடற்பயிற்சிச் சாமான் என்றும் முடிவு செய்தேன். முடிவு செய்ய எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

"ஏறுங்க தம்பி, யோசிக்காதீங்க" என்றேன்.

"நெசமாவாங்கம்மா?"

"இதுக்குத்தான மூணு நாளா நிக்கிறேன்."

அவர் நன்றி சொல்லி ஏறினார். வாரை நான் வாங்கிக்கொண்டேன். கனமாக இருக்கும் என்று அவர் தயங்கினார். தூக்குவதுதான் எங்கள் ஊர் மரியாதை என்று சொன்னேன். அதன் பிறகு அவர் ஓட்ட, நான் பக்கத்தில் ஓடினேன். ஓடிக்கொண்டே அவருடைய ஆட்டத்தைப் பற்றிக் கோடை முழுவதும் சேர்த்துவைத்திருந்த யோசனைகளைச் சொன்னேன்.

"இடுப்பத் தாழ்த்துங்க தம்பி. நிமிந்து நின்னீங்கன்னா டெட்ராய்ட்காரன் உள்ள பூந்துருவான்."

"சரிங்கம்மா. முதுகால தூக்கக் கூடாது, முழங்கால்லதான் பாரம் வாங்கணும்னு பயிற்சியிலயும் சொன்னாங்க."

"முழங்கால் நல்லா இருக்கா?"

"கடவுள் புண்ணியத்துல நல்லா இருக்குங்கம்மா."

"எவ்வளவு எடை தள்ளுவீங்க?"

"தனியா நின்னா ஒரு பெரிய ஃப்ரிட்ஜ் தள்ளுவேங்கம்மா."

இவ்வளவு பணிவான ஆள் நம் முன்வரிசைக்கு வந்து எத்தனை காலம் ஆயிற்று என்று நினைத்தேன். அதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. நின்றுவிட்டேன். அவர் திரும்பிப் பார்த்துக் கையசைத்துவிட்டு, மைதானத்துக்கு எதிர்ப்பக்கமாகத் திரும்பினார். புதியவர்களுக்குத் தனி வாசல் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு வாரைத் தோளில் போட்டுக்கொண்டு மைதான வேலி ஓரம் நின்று பயிற்சியைப் பார்த்தேன். எழுபத்து நான்காம் எண் ஆள் களத்தில் இருந்தார். நான் பார்த்ததைவிட ஒரு சாண் குள்ளமாகவும் தாடியோடும் இருந்தார். சைக்கிளில் உட்கார்ந்தால் உயரம் கூடித் தெரியும் என்று சமாதானம் செய்துகொண்டேன். தாடிக்குச் சமாதானம் கிடைக்கவில்லை. ஆனாலும் பக்கத்தில் நின்றவர்களிடம், அவர் என் யோசனைப்படி இடுப்பைத் தாழ்த்தி ஆடுகிறார் என்று சொன்னேன். ரேக்கும் தொலைபேசியில் சொன்னேன். எந்தச் சைக்கிள் என்பதை மட்டும் சொல்லவில்லை.

ரே அப்போது வெர்ஹெய்டன் விடுதிக்குத்தான் போய்க்கொண்டிருந்திருக்கிறார். அங்கே தன் சைக்கிள் சுவரில் சாய்ந்திருப்பதைப் பார்த்தார். பின்வாசலிலிருந்து டெரல் வந்து அதில் ஏறியதையும் பார்த்தார். அவரைப் பிடித்துவைத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குத் தொலைபேசினார். முகாமுக்காகத் தெருக்களை அடைத்திருந்ததால் டெரலின் லாரி தூரத்தில் நின்றதாகவும், விடுதிக்கு வந்த புதிய குளிர்பெட்டி பின்வாசலில் நுழையுமா என்று அளந்து பார்க்க அவர் நடந்து வந்ததாகவும், வழியில் ஒரு அம்மா சைக்கிள் கொடுத்துப் பக்கத்திலேயே ஓடி வந்து தன் முழங்காலைப் பற்றி விசாரித்ததாகவும் அவர் சொன்னாராம். ரே நம்பவில்லை. இந்த ஊரில் எல்லோரும் அன்பாக இருப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்ததால், அதுவும் அதில் சேர்த்தி என்று டெரல் நினைத்தாராம்.

சார்ஜென்ட் டெல்வோ நம்பினார். நேராக எனக்குத் தொலைபேசினார். "ராக்ஸி, ரோட்ல ஓடிக்கிட்டே யாரோட முழங்காலயாவது விசாரிச்சியா?" என்று கேட்டார். உடனே கிளம்பி வந்தேன்.

நிலையத்துக்கு வந்ததும், நடந்து போகிற முன்பின் தெரியாதவருக்கு இரக்கப்பட்டுச் சைக்கிள் கொடுத்ததாக முதலில் சொன்னேன். சார்ஜென்ட் எழுதிக்கொண்டார். அப்போது டெரல் வராந்தாவிலிருந்து, "அம்மா, பாரம் தூக்குற என் வாரு உங்ககிட்ட பத்திரமா இருக்கா? கம்பெனி சாமான்" என்று கேட்டார். அதன் பிறகு நான் அந்த வரியை அடிக்கச் சொன்னேன். குளிர்பெட்டி தூக்கும் ஒருவரை நம் அணியின் முன்வரிசை ஆட்டக்காரர் என்று நான் தவறாக அடையாளம் கண்டேன். தொண்ணூறு பேரையும் எனக்கு முகம் தெரியாது. இதை ரே கேட்கும்படிச் சொல்கிறேன். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்கிறார்.

இதைக் கேட்ட பிறகு ரே, புகாரைத் திரும்பப் பெறுவதாகவும் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு என்றும் சொன்னார்.

"ஒரே ஒரு வரி மதினி. இந்தத் தடவ சிகாகோ உங்ககிட்ட தோக்காதுன்னு இதே தாள்ல எழுதணும்."

"அது பொய் சாட்சி மாப்ளே. என்னத் தூக்கி உள்ள போட்ருவாங்க."

"அப்ப அந்தப் பையன் உக்காந்திருக்கட்டும்" என்றார். ஆனால் சொல்லும்போது வராந்தாப் பக்கம் பார்க்கவில்லை. ரே கெட்டவர் இல்லை. போன வெள்ளிக்கிழமை நடந்தது அவருக்கு இன்னும் ஆறவில்லை.

சார்ஜென்ட் குறுக்கிட்டு, "நடக்கப்போறத வாக்குமூலத்துல எழுத முடியாது ரே. நடந்தத மட்டும்தான் எழுதலாம்" என்றார். அதன் பிறகு, நடந்ததையே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். நான் சொன்னது பின்வருமாறு:

வரும் பருவத்துக்கான ஆட்டங்களில், இன்று வரை, சிகாகோ அணி எங்கள் அணியிடம் ஒரு முறைகூடத் தோற்கவில்லை.

சார்ஜென்ட் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். பிறகு எழுதினார். ரே தாளை வாங்கி இரண்டு தடவை படித்தார்.

"இன்னும் ஒரு ஆட்டம்கூட ஆரம்பிக்கலயே மதினி."

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும் மாப்ளே? நடந்தது அவ்வளவுதான்."

அவர் மூன்றாவது தடவையும் படித்தார். பிறகு, கிரீன் பே ஊர்க்காரி ஒருத்தி சொன்ன இப்படி ஒரு வாக்கியம், அதுவும் காவல் நிலைய முத்திரையோடு, சிகாகோவில் யாரிடமும் இருக்காது என்றார். கொட்டகைச் சுவரில் மாட்ட நகல் ஒன்று கேட்டார். சார்ஜென்ட் சம்மதித்தார். ரே புகாரைத் திரும்பப் பெற்றுக் கையெழுத்துப் போட்டார்.

அதன் பிறகு டெரல் உள்ளே வந்தார். வாரை அவரிடம் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லங்கம்மா. அந்த எழுபத்து நாலாம் நம்பர் ஆளு எப்படி, நல்லா ஆடுவாரா?" என்று கேட்டார். உங்கள் அளவுக்கு வராது என்றேன். இது என் சொந்தக் கருத்து. சார்ஜென்ட் ஆமோதித்தார். குளிர்பெட்டியைப் பின்வாசலில் இறக்க ரேயும் ஒரு கை பிடிக்கப் போகிறார். இடுப்பை எப்படித் தாழ்த்துவது என்று சொல்ல நானும் போகிறேன்.

மேலே கண்டதை சார்ஜென்ட் எனக்குப் படித்துக் காட்டினார். யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், ரேயுடையதைத் தவிர, சொன்னேன். அனைத்தும் உண்மை. சிகாகோவைப் பற்றிய வாக்கியமும், நான் கையெழுத்துப் போடும் இந்த நிமிடம் வரை, உண்மை.

(ஒப்பம்) ரோக்ஸான் வாண்டன்ஹூவல்