கரண்ட் வந்த பிறகும் வால்வைத் திறக்கவிடாத கன்னியம்மா அம்மையாருக்கு

எண்ணூர் எண்ணெய்க் கிடங்கின் எண்ணத்தில் நிறைந்தவரே! புளியந்தோப்பிலிருந்து பஸ் ஏறிப் பஞ்ச் கார்டு குத்த வந்து, கணினிப் பிரிவையே கட்டி ஆண்ட கன்னியம்மா அம்மையாரே! நெஞ்சு கொள்ளாத வணக்கம்!

இன்று ஓய்வுபெறும் தங்கள் பணியின் பெருமைகளைப் பட்டியலிட்டால், "போதும்பா, உக்காரு" என்பீர்கள். ஆகவே அவையோரைப் பார்த்து ஒரே ஒரு நாளைப் பற்றிச் சொல்கிறோம். தாங்கள் காதைப் பொத்திக்கொள்ளலாம்.

அவையோரே! நம் பழைய சர்வர், கரண்ட் போய் வந்தால், வட்டு முழுவதையும் சோதித்து முடிக்காமல் எழுந்திருக்காது. டேங்க் கழுவ உள்ளே இறங்குவோர் பெயரும் அதில்தான் பதிவாகும் என்பதால், அதுவரை பம்ப் ரூமும் சும்மா கிடக்கும். "இன்னா பேஜாரும்மா இது" என்று எல்லோரும் அலுத்துக்கொண்டோம். அம்மையார் தேடிப் படித்து, 2003இல் புதிய கோப்பு முறைமை ஒன்றைக் கொண்டுவந்தார். செய்யப்போகும் மாற்றத்தை முன்கூட்டியே குறித்துக்கொள்வது அது. பாதியில் கரண்ட் போனாலும், குறிப்பைப் பார்த்துத் தன்னைச் சரிசெய்துகொண்டு சட்டென்று எழுந்துவிடும். அம்மையாருக்குத் தலைகால் புரியாத பெருமை.

அந்தப் பெருமை ஆறுமுன் ஒரு பிற்பகல், பாமாயில் கப்பல் துறைமுகத்தில் காத்திருக்கையில் கரண்ட் போனது, யூ.பி.எஸ்.ஸும் கைவிட்டது. கரண்ட் திரும்பியதும் சர்வர் பழுதின்றி எழுந்தது. டேங்க் கழுவ இறங்கியவர் எவரும் உள்ளே இல்லை என்று திரை சொன்னது. பம்ப் ரூம் தாமோதரன் ஓடிவந்தார்.

"யாரும் இல்லன்னு காட்டுதும்மா. வால்வைத் தொறந்து டேங்குல எண்ணெய் உட்டுடட்டா? கப்பல் நின்னுகினு கீது."

சரி என்று சொல்லத்தான் அம்மையார் வாயெடுத்தார். அதற்குள் திரையை மறுபடி பார்த்தார். கோப்புகள் குலையவில்லை என்றுதானே இது சொல்கிறது? கடைசியாகத் தட்டிய பதிவு வட்டை எட்டுமுன்பே கரண்ட் போயிருந்தால்? பழைய சர்வர் தாமதித்த நேரத்தில் ஆளை ஆள் கூப்பிட்டுப் பார்த்துக்கொள்வோம். புதியது அந்த நேரத்தையும் அல்லவா விழுங்கிவிட்டது!

"தொடாத தாமோதரா! சர்வரு நல்லாத்தான் கீது. கடசியா எழுதுனது கீதான்னு யாருக்குத் தெரியும்?"

ஐம்பத்தைந்து வயதில், மூச்சிரைக்க டேங்கின் படியேறினார். மேல்மூடியருகே நிற்க வேண்டிய காவல் ஆள் டார்ச் தேடிப் போயிருந்தார். அம்மையார் குனிந்து இருட்டுக்குள் கத்தினார்.

"உள்ள யார்னா கீறீங்களா?"

"நான்தாம்மா, ஜாபரு! லைட்டு போச்சு, இன்னா ஆச்சு?"

அம்மையார் சூடேறிய தகரத்தின் மேலேயே உட்கார்ந்து அழுதார். யாரையும் குறை சொல்லவில்லை. "நான் கொண்டாந்தது, நான்தான் சரி பண்ணணும்" என்றார். வட்டில் எழுதி முடித்த பிறகே ‘பதிந்தது’ என்று சொல்லும்படி நிரலை மாற்றினார். சர்வர் எத்தனை விரைவாக எழுந்தாலும், டேங்குக்குள் குரல் கொடுத்துப் பார்க்காமல் எவரும் வால்வைத் தொடக்கூடாது என்றும் விதி வைத்தார். அவ்வழக்கம் இன்றும் தவறுவதில்லை.

அம்மையாரே, இனித் தங்களிடமே பேசுகிறோம்! தாங்கள் கொண்டுவந்ததையே நம்ப மறுத்த தங்கள் தெளிவை வணங்குகிறோம். மூட்டுவலி அண்டாமல், முகவாட்டம் தீண்டாமல், கரண்ட் போனால் கவலையின்றி விசிறியோடு உட்கார்ந்திருக்கும் சுகத்தோடு நெடுங்காலம் வாழ்க!

இம்மடலை வாசிக்கக் கணீரென்ற குரல்கள் இங்கே பல உண்டு. ஆயினும் அன்று டேங்குக்குள்ளிருந்து தங்களுக்குப் பதில் சொன்ன குரலே வாசிக்கட்டும் என்று ஒருமனதாக முடிவு செய்தோம். அதனால்தான் ஜாபர் வாசிக்கிறார்.

தங்கள் அன்பில் நனைந்த
கிடங்குப் பணியாளர்கள்
எண்ணூர், 2006