ஒரு வரி மேலே

பாறசாலைப் பக்கம் பலாப்பழத்தை யாரும் விலைகொடுத்து வாங்குவதில்லை, சார். கேட்டால் சும்மாவே தருவார்கள். ஆனால் மரத்தில் ஏறிப் பறித்துத் தருகிறவனுக்குக் கூலி கொடுத்தே ஆகவேண்டும். புஷ்பராஜ் தன் தொழிலை இதை நம்பித்தான் தொடங்கினான். அவன் சாவைப் பற்றிக் கேட்கத்தான் என்னை, இந்தக் கனகதாஸை, ஸ்டேஷனுக்கு அழைத்திருக்கிறீர்கள். சாவைச் சொல்லவேண்டுமென்றால் தொழிலை முதலில் சொல்லவேண்டும்.

புஷ்பராஜ் பொழியூர்க்காரன். அப்பா கடலுக்குப் போகிறவர், இவனுக்குக் கம்ப்யூட்டரில் மூளை. தொண்ணூற்றெட்டில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து பாறசாலையில் ஒரு மாடி அறை எடுத்தோம். அவன் புரோகிராம் எழுதுவான், நான் பையைத் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டுக் கொடுப்பேன். ஓப்பன் சோர்ஸ் என்று ஒரு கொள்கை அவனுக்கு. புரோகிராமுக்கு விலை கிடையாது. அதற்குள் எழுதியிருப்பதை யாரும் திறந்து படிக்கலாம், மாற்றலாம், அடுத்தவனுக்குக் கொடுக்கலாம். பழுதானால் நம்மைக் கூப்பிடுவார்கள், அந்தக் கூலியில் பிழைத்துக்கொள்ளலாம் என்றான். "மக்கா, ஒளிச்சு வைக்க நம்மகிட்ட ஒண்ணும் இல்ல. அதாக்கும் இதுக்க பலம்" என்பான்.

நல்ல கொள்கைதான். ஒரே ஒரு குறை. அவன் எழுதியது பழுதாகவே இல்லை. ரப்பர் கடை, தனுவச்சபுரத்தில் ஒரு டியூட்டோரியல், பனச்சமூட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி என்று பதினேழு இடத்தில் போட்டோம். ஏழு மாதத்தில் ஒருவர்கூடக் கூப்பிடவில்லை. வழியில் பார்த்தால் நன்றாக ஓடுகிறது என்று சிரிப்பார்கள். சிரிப்பை அடுப்பில் ஏற்ற முடியுமா, சார். அவனோ அடுத்த புரோகிராமை எழுத உட்கார்ந்துவிட்டான். தொழிலைக் காப்பாற்றும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

யாரும் மாற்றலாம் என்று அவன்தானே சொன்னான். நான் மாற்றினேன். நலம் விசாரிப்பதுபோல ஒவ்வொரு இடத்துக்கும் போய்ப் புரோகிராமுக்குள் ஒரு சின்ன வரி சேர்த்தேன். ரப்பர் கடையில் ரசீதின் தேதி தவறும். டியூட்டோரியலில் மார்க் லிஸ்டிலிருந்து ஒரு பிள்ளை காணாமல் போகும். கூப்பிட்டார்கள், போய்ச் சரிசெய்தேன். நாற்காலி போட்டு டீயும் கொடுத்தார்கள். கொள்கை பலித்துவிட்டது என்று புஷ்பராஜுக்கு அப்படி ஒரு சந்தோஷம். அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுக்கச் சம்மதித்தவர்களின் பட்டியல் ஒன்று உண்டு. பெயர், ஊர், ரத்த வகை. ஒரு தேதிக்குப் பிறகு ரத்த வகை மட்டும் ஒரு வரி மேலே ஏறிவிடும்படி வைத்தேன். ஒருவர் பெயருக்கு நேரே அடுத்தவரின் வகை நிற்கும். பார்த்ததும் கண்டுபிடித்துக் கூப்பிடுவார்கள் என்று நினைத்தேன். தேவை வரும்வரை அவர்கள் பார்க்கவே இல்லை. அது என் கவனக்குறைவு.

போன் வந்தபோது காலை பத்தரை இருக்கும். ஆஸ்பத்திரி லேப்பில் வேலை பார்க்கும் விலாசினி. "அண்ணா, லிஸ்டு மாறி வருது. ஓ நெகட்டிவ்ணு கண்ட ஒரே ஆள விளிச்சு வரவச்சாச்சு, அவருக்க ரத்தம் வேற குரூப்பு. பிரசவம் கழிஞ்ச பொம்பிள கிடக்கு, ரத்தம் நிக்கல்ல. என்ன செய்யணும்ணு போன்லயே சொல்லுங்க."

பெயருக்கு ஒரு வரி மேலே இருக்கிற வகையைப் படி. சொல்லவேண்டியது அவ்வளவுதான். ஆனால் யோசித்துப் பாருங்கள், சார். போனில் சொல்லி முடிந்துவிட்டால் அது ஒரு வேலையா. நாளைக்குப் பதினேழு இடமும் போனிலேயே கேட்கும். நேரில் பார்க்காமல் சொல்ல முடியாது, வாறேன் என்றேன்.

ஆட்டோ பிடிக்கவில்லை, பஸ்ஸில் போனேன். பதறி ஓடினால் வேலை லேசானது என்று நினைத்துவிடுவார்கள். பனச்சமூட்டில் இறங்கியபோது ஓர் ஆட்டோக்காரர் எங்கே போகணும் என்று கேட்டார். பக்கத்தில்தான் என்று நடந்தேன். இரண்டு நிமிட வேலையை அரைமணி நேரம் உட்கார்ந்து செய்தேன். பட்டியல் சரியானதும் ஓ நெகட்டிவ் என்று ஒரே ஒரு பெயர் வந்தது. சதாசிவன், ஆட்டோ ஸ்டாண்டு, பனச்சமூடு. விலாசினி ஓடிப்போய்க் கூட்டிவந்தாள். என்னிடம் சவாரி கேட்டவர்தான். சட்டைக் கையை மடித்துக்கொண்டே ஏறி வந்தார். அதற்குள் அந்தப் பெண் போய்விட்டாள். விமலகுமாரி என்று பெயர், வெள்ளறடையில் ரப்பர் வெட்டுகிறவரின் மனைவி. குழந்தை பிழைத்தது, பெண்.

எல்லோரும் புரோகிராமை எழுதியவனைத்தான் பிடித்துக்கொண்டார்கள். விமலகுமாரியின் புருஷன் மாடி ஏறிவந்து அவனையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனார். ஆஸ்பத்திரியில் ஓடிய பிரதியைக் கொண்டுவரச் சொன்னான் புஷ்பராஜ். என் வரியை எடுத்துவிட்டுக் கொடுத்தேன். பதினோரு நாள் படித்தான். சோறு இறங்கவில்லை. உலகமே படிக்கலாம் என்று திறந்துவைத்தவன், சார். படித்தது அவனும் நானும் மட்டும்.

"எலே கனகா, தப்பு எங்கண்ணு காணல்ல. நான் எழுதினத எனக்கே வாசிக்கத் தெரியாம போச்சு" என்றான். தப்பு யாருக்கும் வரும் மக்கா, விட்டுத்தள்ளு என்று ஆறுதல் சொன்னேன். அவனை மனதார மன்னித்தேன். மறுநாள் அவன் ரயில் பாதைக்குப் போய்விட்டான்.

ஆகவே இரண்டு சாவுக்கும் நான்தான் காரணம் என்று எழுதிக்கொள்ளுங்கள், மறுப்பதற்கில்லை. இன்னொன்றும் உண்டு. நெய்யாற்றின்கரையில் இரண்டு ஆஸ்பத்திரிகளில் அதே பட்டியல் புரோகிராம் ஓடுகிறது. புஷ்பராஜ் போன பிறகு அங்கேயும் அந்த வரியைச் சேர்த்தேன். அவன் பெயரில் நடக்கிற தொழில் நின்றுபோகக் கூடாது அல்லவா. ஒன்றாம் தேதியிலிருந்து வேலை செய்யும், இன்றைக்கு மூன்று. இங்கிருந்தே போன் செய்து சொல்லிவிடு என்கிறீர்கள். சொல்லலாம், ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் சும்மா சொன்னால் நம்மை யார் மதிப்பார்கள், சார்.