ஸ்டேட்டஸில் வைத்த சண்டை

செங்கம் சாலையில் நான் ஏறிய ஷேர் ஆட்டோவில் எதிரே இரண்டு பெண்கள். சின்னவள்தான் ஆரம்பித்தாள்.

"சண்டைய ஸ்டேட்டஸ்ல வச்சிட்டேன்க்கா."

"எந்தச் சண்டைய?"

"நியூஸ்ல காட்றாங்களே, அந்த வெளிநாட்டுச் சண்டைதான். போன்ல வீடியோ வந்துச்சு. வானத்துல நெருப்பு நெருப்பா பறக்குது. பாக்க வாணவேடிக்கை மாதிரியே இருந்துச்சு. ஒரு குத்துப்பாட்ட சேர்த்து வச்சிட்டேன்."

"அதுக்கென்ன, ஊரே வைக்குது."

"எங்க மாடில வாடகைக்கு இருக்காங்களே வெள்ளக்காரம்மா, அவங்க ஊராம்க்கா அது. பாத்துட்டு கீழ இறங்கி வந்துட்டாங்க."

"ஐயய்யோ. திட்டினாங்களா?"

"திட்டியிருந்தா தேவலையே. வீடியோல ஓரமா தெரியற கட்டடத்துலதான் அவங்க அக்கா இருக்காங்களாம். போன் போகலையாம். வீடு நிக்குதான்னு பெருசாக்கிப் பாக்கணும், அத எனக்கு அனுப்புங்கன்னு கெஞ்சுறாங்க."

"அனுப்பினியா?"

"அனுப்பினேன்." சின்னவள் தலை குனிந்துகொண்டாள். "மொதல்ல வந்த வீடியோவ அழிச்சிட்டேன், இதுல பாட்ட மட்டும் எடுக்கத் தெரியலக்கா. மாடில அதே குத்துப்பாட்டு திரும்பத் திரும்ப கேட்டுட்டே இருந்துச்சு."