கதவிடுக்கில் வைத்த செங்கல்

வடிவு, ஞாயிற்றுக்கிழமை நீ கொண்டுவந்து கொடுத்த கறிவேப்பிலை இன்னும் வாடவில்லை. ஈரத்துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். தினம் இரண்டு ஈர்க்கு கிள்ளி ரசத்தில் போடுகிறேன். ஆர்.கே.புரத்தில் இந்தக் குளிரில் கறிவேப்பிலை கண்ணில் படுவதே அபூர்வம். எங்கே பிடித்தாய் என்று கேட்க மறந்துவிட்டேன்.

கேட்க மறந்ததற்குக் காரணம் நீ அதற்குப் பிறகு சொன்ன விஷயம். குழந்தைக்கு இந்தக் குளிர்காலத்தில் மூன்றாவது தடவையாக நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரியில் வைத்திருந்து கூட்டி வந்திருக்கிறாய். "கதவத் தொறந்து போட்டுத் தூங்குனா பச்சப்புள்ள தாங்குமான்னு டாக்டரு திட்றாருங்க. அவருகிட்ட என்னத்தச் சொல்ல? அன்னிக்கி எங்கம்மாகிட்ட, குளுருனா கதவச் சாத்திக்கம்மான்னு நாந்தானே ஐயா சொல்லிட்டு வந்தேன். சாத்துன கதவப் பாத்தாலே எனக்கு மூச்சு முட்டுது" என்றாய். அழக்கூட இல்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டாய்.

ஏழு வருஷமாக இதை மனசுக்குள் வைத்துக்கொண்டுதான் நீ பொங்கலுக்கும் தீபாவளிக்கும் என்னைப் பார்க்க வந்திருக்கிறாய். எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் முன்னாலேயே எழுதியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். நான் ஃபைல் எழுதியே பழகிய ஆள், எதையும் முதலிலிருந்து வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு வரும். பொறுமையாகப் படி.

அப்போது என்னிடம் பத்தொன்பது போன்சாய் மரங்கள் இருந்தன. வேரையும் கிளையையும் வெட்டி வெட்டித் தாம்பாளம் மாதிரி சட்டியில் குள்ளமாக வளர்க்கும் மரங்கள். உன் அம்மாவுக்கு அதில் நம்பிக்கையே கிடையாது. "வளர்ற மரத்த வளரவுடாம வெட்டிப்புட்டு, அதுக்குப் போர்வ வேற போத்துறீங்களே ஐயா" என்று சிரிப்பாள். ஆனால் எந்தச் சட்டிக்கு எத்தனை கை தண்ணீர் என்பது எனக்கு மறந்தாலும் கோவிந்தம்மாளுக்கு மறக்காது. காலையில் வேலைக்கு வந்ததும், பாத்திரம் தேய்க்கப் போகுமுன் ஒவ்வொன்றையும் ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் போவாள்.

அவற்றில் மாதுளை ஒன்று உண்டு. என் மனைவி ராஜலக்ஷ்மி, ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கடைசியாகத் தின்ற பழத்தின் விதை. பாதிப் பழம் மிஞ்சிவிட்டது. அதை எறிய மனசு வராமல் ஒரு டப்பாவில் விதைத்தேன், முளைத்தது. அப்போது அவள் போய்ப் பதினொரு வருஷம், மரத்துக்கும் வயது பதினொன்று. எழுபத்தேழில் அதற்கு வேர் அழுகல் வந்து, போய்விட்டது என்றே நினைத்திருந்தேன். எழுபத்தெட்டில் தை முடியுமுன்பே அது துளிர்த்தது. அரிசி அளவுக்குச் சிவப்புத் துளிர்கள். நான் குழந்தை மாதிரி அழுதேன், உன் அம்மா பார்த்துவிட்டுக் காபி கலந்து கொண்டுவந்து வைத்தாள்.

எல்லா மரங்களுமே அந்த வருஷம் அவசரப்பட்டுவிட்டன. மாசி பிறந்து நாலாம் நாள் ஆலங்கட்டி மழை பெய்தது. மறுநாள் வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது, காற்று அசையவில்லை. பால்காரன் மேலே பார்த்துவிட்டு, "பாபுஜி, ஆஜ் பாலா படேகா", இன்றைக்குப் பாலா விழும் என்றான். தரையில் வெள்ளையாக உறைகிற பனிக்கு இந்த ஊரில் பாலா என்று பெயர். மொட்டைக் கிளை அதைத் தாங்கும், முற்றிய இலைகூட ஓரளவு தாங்கும், துளிர் தாங்காது. ஒரே ராத்திரியில் கருகிவிடும். வேர் அழுகிப் பிழைத்த மரம் துளிரும் கருகினால் மறுபடி எழுந்திருக்காது.

சட்டிகளையெல்லாம் பின்பக்கத்துக் கண்ணாடி வராந்தாவில் கொண்டுபோய் வைத்தோம். மைதா பசை காய்ச்சி, பழைய பேப்பரைக் கீற்றாக வெட்டி, ஜன்னல் இடுக்கு ஒன்று விடாமல் நானே ஒட்டினேன். அப்படியும் சாயங்காலம் ஆறு மணிக்கே தெர்மாமீட்டர் நாலு டிகிரி காட்டிற்று. அதனால் அங்கீட்டி வைக்க முடிவு செய்தேன். தகர வாளிக்குள் மண் பூசிக் கரி போட்டு மூட்டுகிற அடுப்பு, உனக்குத் தெரியாததல்ல. ராத்திரி முழுக்க அதற்குக் கரி போட ஆள் வேண்டும். எனக்கு மார்ச்சளி, புகை கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். எனவே உன் அம்மாவை இருக்கச் சொன்னேன்.

அவள் தயங்கினாள். "பொல்லாதது ஐயா இந்த அங்கீட்டி. எங்க ஜுக்கிக் குடிசைங்கள்ல போன மாசம் புருசனும் பொண்டாட்டியும் கதவச் சாத்திக்கிட்டு இத வெச்சித் தூங்குனாங்க. காலையில ரெண்டு பேருமே எழுந்திரிக்கல." பிறகு அவளே கொல்லைக்குப் போய் ஒரு செங்கல்லைக் கொண்டுவந்து, வராந்தாவின் வெளிக்கதவு ஒரு சாண் திறந்திருக்கும்படி இடுக்கில் வைத்தாள். "இது இருந்தா பயமில்ல" என்றாள். நீ கம்பளி கொண்டுவந்து கொடுத்தது அதற்குப் பிறகு. வாசலில் நின்று நீ கதவைச் சாத்திக்கச் சொன்னது எனக்கும் கேட்டது. அவள் உனக்குச் சரி சரி என்றாள். நீ போன பிறகு என்னிடம், "அதுக்கு என்னா தெரியும், சின்னப் பொண்ணு. நா சாத்த மாட்டேன்" என்றாள். இதை நீ நன்றாக மனசில் வாங்கிக்கொள். உன் பேச்சைக் கேட்டு அவள் எதையும் செய்யவில்லை.

பத்தரைக்கு நான் பார்க்கப் போனேன். அவள் சுவரோரம் கம்பளிக்குள் சுருண்டு தூங்கியிருந்தாள். வெளிக்கதவு இடுக்கு வழியாக வந்த குளிர் நேராக மாதுளைமேல் விழுந்துகொண்டிருந்தது. மரத்தை நகர்த்தியிருக்கலாம். இடமில்லை என்று அப்போது தோன்றியது, உண்மையில் இடமிருந்தது. செங்கல்லை எடுத்துக் கொல்லையில் போட்டுவிட்டுக் கதவைச் சாத்தித் தாழ் போட்டேன்.

அது தூக்கக் கலக்கத்தில் செய்த பிசகு என்று நீ நினைக்கலாம். உனக்கு நல்ல மனசு, அப்படித்தான் நினைப்பாய். நானும் பல வருஷம் அப்படித்தான் சொல்லிப் பார்த்தேன். இதோடு நிறுத்திக் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று இந்தக் கடிதத்தை இரண்டு முறை மடித்தும் வைத்தேன்.

விடிவதற்கு முன் இன்னொரு தடவை போனேன். மஃப்ளரை மூக்கையும் வாயையும் மூடிக் கட்டிக்கொண்டு போனேன், வடிவு. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாதவன் அப்படிப் போகமாட்டான். வராந்தாவுக்குப் போகும் சமையலறைக் கதவைக் கொஞ்சமாகத் திறந்து தெர்மாமீட்டரைப் பார்த்தேன். ஒன்பது டிகிரி. ஒரு துளிர்கூடச் சுருங்கவில்லை. எனக்கு உடம்பெல்லாம் ஆறுதலாக இருந்தது.

அப்போது உன் அம்மா கண் திறந்தாள். எழுந்து உட்காரப் பார்த்தாள், முடியவில்லை. "தலைய இடிக்குதுங்க ஐயா. கொமட்டுது. கதவு தொறந்துதான இருக்கு?" என்று கேட்டாள். குரல் குழறிற்று.

இருக்கு என்றேன். "எல்லாம் பனிதான், விடிஞ்சதும் காபி சாப்பிட்டா சரியாப் போயிடும், தூங்கு" என்றேன். அவள் நான் சொன்னால் கேட்பவள். படுத்துக்கொண்டாள். விடிய இரண்டு மணி நேரம்தான் இருந்தது. பனி கடுமையாக இறங்குவது அந்த இரண்டு மணி நேரத்தில்தான், கதவைத் திறந்தால் ராத்திரி பூராவும் காத்ததெல்லாம் வீண். அவள் தெம்பான உடம்புக்காரி, இரண்டு மணி நேரம் தாங்குவாள் என்று ஒரு கணக்குப் போட்டேன். தாங்காவிட்டால் என்ற எண்ணமும் வந்தது. வந்த பிறகும் கதவைச் சாத்திக்கொண்டு போய்ப் படுத்தேன்.

காலையில் வெளிக்கதவைத் திறந்தபோது கொல்லைப் புல்லெல்லாம் உப்புத் தூவினாற்போல் வெளுத்திருந்தது. பத்தொன்பது மரமும் பிழைத்தன. கோவிந்தம்மாளின் கை ஆறிப்போயிருந்தது. அவளைத் தூக்கி மடியில் வைத்துப் பார்த்துவிட்டு, எழுந்து ஜன்னல் பேப்பரையெல்லாம் கிழித்தேன். அது எவ்வளவு அசட்டுத்தனம் என்று எனக்கே தெரிந்தது.

விசாரிக்க வந்த சப்-இன்ஸ்பெக்டர், "மதராசிகளுக்கு அங்கீட்டி பழக்கமில்லை, குளிருக்குக் கதவைச் சாத்திக்கொண்டுவிட்டாள்" என்று தானே சொல்லித் தானே எழுதிக்கொண்டார். நான் தலையை ஆட்டினேன். கொல்லையில் கிடந்த செங்கல்லை யாரும் கேட்கவில்லை. விவரம் தெரியாமல் செத்தாள் என்று உங்கள் ஜுக்கி முழுக்கப் பேச்சானது. அங்கே அவளைவிட விவரம் தெரிந்தவள் ஒருத்தி இருந்திருக்க முடியாது. அவள் உயிரை எடுத்தது ஒன்று, அவளுக்கு அறிவில்லை என்று ஊரைச் சொல்ல வைத்தது இன்னொன்று. இரண்டில் எது பெரிது என்று எனக்குத் தீர்மானமாகச் சொல்ல வரவில்லை.

பள்ளிக்கூடத்தில் உனக்கு ஆயா வேலை வாங்கிக் கொடுத்தேன். கல்யாணத்துக்கு வந்து முன்னால் நின்றேன். நீ என் காலில் விழுந்தாய். என்னைத் தெய்வம் என்றாய். அந்தக் காலை நான் பின்னுக்கு இழுத்துக்கொள்ளவில்லை. உன் அம்மா போனபின் இந்த வீட்டில் தமிழ்ப் பேச்சே நின்றுவிட்டது. காலையில் சட்டிகளுக்குத் தண்ணீர் விடும்போது "இதுக்கு எத்தன கை, கோவிந்தம்மா?" என்று வாய் கேட்டுவிடுகிறது. பதில் வராத அந்த ஒரு நிமிஷத்தை நான் யாருக்கும் விளக்க முடியாது. அவளுக்காக நான் அழுத அழுகையில் பொய் இல்லை. அதை நீ நம்ப வேண்டிய அவசியமும் இல்லை.

ராஜலக்ஷ்மியைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தேன் என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த மரம் ராஜலக்ஷ்மி இல்லை. அவள் இருந்திருந்தால் தானே போய்ச் செங்கல்லைத் திரும்ப வைத்திருப்பாள்.

ஆகவே நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். இன்று ராத்திரியே கதவைச் சாத்திக்கொண்டு, குழந்தையை அணைத்துக்கொண்டு தூங்கு. உன் வார்த்தையால் உன் அம்மா சாகவில்லை. சாத்தியது நான், தாழ் போட்டது நான், திறந்திருக்கிறது என்று அவள் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னதும் நான். கீழே முழுப் பெயரும் போட்டுக் கையெழுத்து வைத்திருக்கிறேன். இதை எடுத்துக்கொண்டு போலீஸுக்குப் போ, நான் மறுக்க மாட்டேன், ஓடவும் மாட்டேன்.

பங்குனி பிறந்த பிறகு போனால் நல்லது. இந்த வருஷமும் எல்லாம் முன்னதாகவே துளிர்த்துவிட்டன, நான் இல்லாவிட்டால் அவற்றைப் போர்த்துவதற்கு வேறு யாரும் இல்லை.

இப்படிக்கு,
வெ. ராமசுப்ரமணியன்