எட்டு வரி எண்கள்

அக்காள்மடத்தில் பஸ் ஏறிய மீனவர், கடலில் மீன் கிடைக்கும் இடங்களை ஜிபிஎஸ் எண்களாகக் குறித்துவைக்கும் நோட்டைப் பிரித்துக்கொண்டு போனில் கத்தினார்.

“நம்பரு கெடச்சிருச்சு தாயி! லேப்டாப்பு தன்னால பூட்டிக்கிட்டா இதத்தான் கேக்கும்னு நீதான என் நோட்டுல எழுதுன! வாசிக்கிறேன், டைப் அடி!”

வரிக்கு ஆறு இலக்கமாக எட்டு வரி வாசித்தார்.

“தெறந்துருச்சுய்யா!” ஸ்பீக்கரில் மகள் அலறினாள். “என் புராஜெக்ட் அப்படியே இருக்கு! இன்னைக்குத்தான் கடைசி நாளு, குடுத்துருவேன்!”

அவர் துண்டால் கண்ணைத் துடைத்தார்.

எனக்குப் பின்சீட்டில் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் கிசுகிசுத்தார்:

“லேப்டாப்பு நம்பராம்ல! ஏலே, அம்புட்டும் அவரு மீன் புடிக்கிற எடம்லே. எட்டையும் எழுதிட்டேன். நாளைக்கு அங்கனதான் போறோம்.”