தீவில் போட்ட முடிச்சு

கோட்டைப்பட்டினத்திலிருந்து அறந்தாங்கி போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவரின் காலடியில் மீன் கூடை இருந்தது. பஸ் கிளம்பியதுமே அவர் சொன்னார்:

“கிரீஸ் வரைக்கும் போயி எங்க வீட்டு மானத்த வாங்கிட்டா.”

“யாரு, ஜெர்மனியில படிக்கிற ஒங்க மகளாக்கா?”

“அவதான். மூணு நாள் லீவுன்னு கூடப் படிக்கிற பிள்ளைகளோட அங்கிட்டு ஒரு சின்னத் தீவுக்குப் போயிருக்கா. இவுக வந்த போட்டு, காத்துல கயிறு அவுந்து கரையை விட்டு வெலகுது. மத்ததுக நின்னு வேடிக்கை பாக்குதுக. இவதான் கயிறப் புடிச்சு இழுத்துக் கட்டையில முடிச்சுப் போடுறா. வீடியோவே அனுப்பியிருக்கா.”

“நல்லதுதானக்கா செஞ்சிருக்கு.”

“முழுசாக் கேளு. அவுக அப்பாவுக்கு இடதுகைப் பழக்கம். சோத்தாங்கையால எழுதுற இவ, முடிச்ச மட்டும் அவரு மாதிரியே இடதுகையால போடுறா. வேற யாருகிட்டப் பழகியிருப்பா?”

“பெறகென்ன கோவம்?”

“யாரு சொல்லிக் குடுத்தான்னு ஒருத்தி இங்கிலீசுல கேக்குறா. இவ யூடியூப்புங்கிறா. நமக்கு வெளங்காதுன்னு நெனச்சுட்டா போல. எங்கப்பா கடலுக்குப் போறவருன்னு சொல்ல வாய் வரல.”

இளையவர் கேட்டார்:

“அண்ணன் பாத்தாரா?”

“நாலு நாளா அதையேதான் போட்டுப் போட்டுப் பாக்குறாரு. சத்தத்த மட்டும் சுத்தமாக் கொறச்சுப்புட்டு.”