ஏழு பெட்டிக்கும் ஒரே சட்டை

…அதான் கேக்கறேன், மூணு மணி நேரமா எங்க ஏழு பெட்டியும் எங்க போச்சுன்னு சொல்லத் தெரியலைன்னா அந்தக் கண்ணாடி போட்ட பொண்ணு கவுண்டர்ல எதுக்கு உக்காந்திருக்கு? கேட்டா சிரிக்குது. சிரிச்சுட்டு இந்தப் பேப்பரைக் குடுக்குது. நான் படிச்சது அஞ்சாம் கிளாஸ், அதுவும் நம்ம பாஷைல. இதுல இருக்கற ஒரு எழுத்துகூட எனக்கு முகம் தெரியாது. தம்பிக்கு இந்த ஊரு பாஷை வருதுல்ல? கொஞ்சம் எழுதிக் குடுங்க. உங்க டோக்கன் நம்பர் என்ன, அம்பத்திரண்டா? இப்பதான் நாப்பத்தெட்டு. நிறைய நேரம் இருக்கு, உக்காருங்க. உங்களுக்கு வராதது குழந்தை வண்டிதானே? அது வந்துரும். எனக்குப் போனது அப்படி இல்ல.

பேரா? பாஸ்போர்ட்டைப் பாத்து எழுதிக்கங்க. தொழில் தையல். ஓ… அதைக் கேக்கலையா? பரவால்ல, ஓரமா எழுதி வைங்க.

பெட்டில என்ன இருக்குன்னா… தம்பி, இதைக் கொஞ்சம் அழுத்தி எழுதணும். நாளைக்குக் காலைல பத்து மணிக்கு எம் பேத்திக்கு இந்த ஊர்ல கல்யாணம். எம் பொண்ணோட பொண்ணு. இங்கதான் வேலை பாக்குது, மாப்பிள்ளையும் இங்கதான். அவ போடப்போற டிரஸ்ஸு அதுல ஒரு பெட்டிக்குள்ள இருக்கு. நான் தச்சது. போன்லயே அளவெடுத்தேன். அவ டேப்பைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறா, நான் அங்கேருந்து கத்தறேன், 'இன்னும் கீழ இறக்கு, வயித்தை எக்காத, மூச்சை விடு'ன்னு. பக்கத்து டீக்கடைக்காரன் பயந்து ஓடி வந்துட்டான், யாருக்கோ பிரசவம்னு. நாப்பது நாள் தம்பி. இடுப்பைச் சுத்தி வெள்ளை முத்து, ஒவ்வொண்ணா கையால வெச்சது. அது வரலைன்னா அந்தப் புள்ள நாளைக்கு எதைப் போட்டுக்கிட்டு நிக்கும்?

அதுக்கு ஒருத்தர் தயாரா இருக்காரு. அங்க தூணுக்குப் பக்கத்துல, சாம்பல் தொப்பி. பட்டுன்னு திரும்பாதீங்க… கொட்டாவி விடற மாதிரி பாருங்க. பாத்தீங்களா? அவருதான் என் சம்பந்தி. எம் மருமகனைப் பெத்தவரு. போனைக் காதுல வெச்சுக்கிட்டு என்ன பேசறாருன்னு நினைக்கறீங்க? இந்த ஊர்ல கல்யாண டிரஸ் விக்கற கடை எத்தன மணி வரைக்கும் இருக்கும்னு விசாரிக்கறாரு. என் காதுல விழணும்னு சத்தமா விசாரிக்கறாரு.

இன்னைக்கு நேத்து இல்ல தம்பி. எம் பொண்ணு கல்யாணத்துக்கு இவருக்கு ஒரு கோட்டு தச்சுக் குடுத்தேன். அன்னைக்குக் கடைல வாங்குன கோட்டைப் போட்டுக்கிட்டு வந்து முன்வரிசைல உக்காந்திருக்காரு. ஏன்னு கேட்டா, நான் தச்சது அக்குள்ல பிடிக்குதாம். அளவெடுக்கறப்ப கையைக் குளிர்ல நடுங்கற மாதிரி ஒட்டி வெச்சுக்கிட்டு நின்னா பிடிக்காம என்ன செய்யும்? இருபத்தேழு வருஷம் ஆச்சு. சாப்பிடற இடத்துல உப்பு வேணும்னாகூட எம் பொண்ணுகிட்ட 'அம்மாடி, உங்கப்பாவை உப்பைத் தள்ளச் சொல்லு'ம்பாரு. உப்பு என் கைக்குப் பக்கத்துலதான் இருக்கும். நானும் அவ சொல்ற வரைக்கும் தள்ள மாட்டேன்.

இந்தப் பயணத்தைக் கேளுங்க. லீவு சீசன், உலகத்துல இருக்கற ஜனம் பூரா ஒரே நேரத்துல கிளம்பிருச்சு. முதல் பிளேன் நாலு மணி நேரம் லேட்டு. அதனால ரெண்டாவது பிளேன் எங்களை விட்டுட்டுப் போயிருச்சு. கெஞ்சிக் கூத்தாடி வேற பிளேன்ல ஏத்துனாங்க. ஏழு பேரு நாங்க, ஆளுக்கொரு மூலைல சீட்டு. ரெண்டே ரெண்டு சீட்டுதான் பக்கத்துல பக்கத்துல. அது யாருக்கு விழுந்துச்சு? சிரிக்காதீங்க தம்பி. ஒம்பது மணி நேரம். நடுவுல இருக்கற அந்தக் கைப்பிடில யாரு கை வைக்கறதுன்னு… நான் விடலை. மூத்திரத்துக்குக்கூட எந்திரிக்கலை. அவரும் எந்திரிக்கலை. இறங்கறப்ப ரெண்டு பேரும் ஓடுன ஓட்டத்தைப் பாத்து எம் மருமகனே கும்பிட்டுட்டான்.

என்ன கேக்குது? பெட்டி கலரா? உள்ள இருக்கற பெட்டி கலரா, மேல இருக்கற சட்டை கலரா? ஆமா, சட்டைதான். பெட்டிக்குச் சட்டை தச்சிருக்கேன்ல. மஞ்சள்ல பெரிய பெரிய பூ. ஒருத்தன் ஜன்னல் திரைக்குன்னு அளவு சொல்லிட்டு வாங்க வராமலே போயிட்டான், நாலு வருஷமா அந்தத் துணி மூலைல கிடந்து என்னையே பாத்துக்கிட்டிருந்துச்சு. சரி, கூட்டத்துல நம்ம பெட்டி தனியாத் தெரியட்டும்னு தச்சுட்டேன். எந்தப் பெட்டிக்கா? ஏழுக்கும்தான். …ஆமா, எல்லாம் ஒரே துணி. அட, எதுக்கு நெத்தியைத் தடவறீங்க?

சீட்டு நம்பரா? என்ன சீட்டு… கைப்பிடில ஒட்டுவாங்களே, வெள்ளைக் காகிதம், அதுவா? அது இருந்துச்சு தம்பி. எம் மருமகன்தான் ஒட்டுனான். ஆனா பாருங்க… வரிசை ரொம்ப நீளம். சும்மா நிக்கற நேரத்துல சட்டையை மாட்டிருவோமேன்னு ஏழுக்கும் மாட்டிவிட்டேன். கைப்பிடிக்கும் தனியா ஒரு மூடி வெச்சுத் தச்சிருக்கேன், நாலு பட்டன் போட்டு. காகிதம் அதுக்குள்ள போயிருச்சு. வெளிய தெரியாதுதான். பெட்டியைத் தூக்கிப் போடறவனாவது பாத்திருக்கணும்ல? கூட்டத்துல அவன் பாட்டுக்குப் போட்டுட்டான். 'டிரஸ்ஸைக் கைல கொண்டு வரச் சொல்லுங்க'ன்னு அந்தத் தொப்பி அப்பவே சொல்லுச்சு, எம் பொண்ணுகிட்ட. அவரு சொன்னதாலதான் பெட்டில வெச்சேன்.

தம்பி, சட்டை மாட்டுனதை மட்டும் எழுத வேணாமே. …எழுதினாத்தான் பெட்டி கிடைக்கும்ங்கறீங்களா? அப்ப எழுதுங்க. சின்ன எழுத்தா எழுதுங்க. யாரு தப்புன்னு கட்டம் எதுவும் இருக்கா? இல்லையா? நல்ல ஊருதான் இது.

என்ன, வண்டி தள்ளிக்கிட்டு வர்றாங்க… மஞ்சள்… தம்பி, மஞ்சள் தெரியுது. ஒண்ணு, ரெண்டு… ஏழும் இருக்கு. இருங்க, உங்க தோளைப் பிடிச்சுக்கிட்டு எட்டிப் பாக்கறேன். எம் பொண்ணு திறக்கறா. அது இல்ல, அது மருமகன் பெட்டி… அடுத்தது… ஆ, அதுதான். மெதுவாடி, முத்து உதிர்ந்துரும். கசங்கலை. ஒண்ணுகூட உதிரலை தம்பி. கண்ணு என்னமோ உறுத்துது, இங்க ஏசி ஜாஸ்தி.

அந்தக் கண்ணாடிப் பொண்ணு என்ன சொல்லுது? சொல்லுங்க, கேக்கறேன். …தொப்பி போட்ட பெரியவரா? வந்து இறங்குனதுமே சொல்லிட்டாரா? மஞ்சத் துணியைக் கிழிச்சுப் பாருங்க, காகிதம் உள்ள இருக்கும்னா?

அவரா சொன்னாரு?

போச்சு தம்பி. இருபத்தேழு வருஷக் கோவம். இனிமே நான் எதை வெச்சுக்கிட்டு அந்த ஆளு முகத்தைத் திரும்பிப் பாக்காம இருக்கறது? போய் நன்றி சொல்லணுமா? உப்பை நானே எடுத்து நீட்டணுமா?

இருங்க, இருங்க… அது என்ன, சட்டை இப்படித் தொங்குது? எவன் கிழிச்சான் இதை? ஒரு நேர் கோடு இருக்கா பாருங்க, மாடு மேஞ்ச மாதிரி. நாலு பட்டன் வெச்சிருக்கேன்னு அவருக்குத் தெரியும். ஒம்பது மணி நேரம் பக்கத்துல உக்காந்து, அந்த மூலைல இருந்த எம் பொண்ணுகிட்ட அதைத்தானே கத்திக் கத்திச் சொல்லிக்கிட்டு வந்தேன். பட்டனைக் கழட்டச் சொல்லியிருக்கலாம்ல? கிழிக்கத்தான் சொல்லியிருக்காரு. ஏழையும். வேணும்னேதான்.

அப்பாடா. இப்பதான் மூச்சு வருது.

தம்பி, இன்னொரு பேப்பர் வாங்கிட்டு வாங்க, இந்தக் கிழிசலுக்கு ஒரு புகார் சூடா எழுதிருவோம். தம்பி… எங்க போனாரு? அம்பத்திரண்டு கூப்பிட்டாங்களா என்ன? சொல்லாமப் போயிட்டாரே. …ஐயா, நீங்க. ஆமா, உங்களைத்தான். உங்களுக்கு இந்த ஊரு பாஷை எழுத வருமா?